தாயைப் பார்த்து எடுத்த குட்டி

எங்கள் வீட்டுக்கு நாய் வந்ததே என்னை நாய் கடித்த பிறகுதான். 1971ஆம் வருஷம், எனக்கு எட்டு வயது. சாத்தூர் அப்போது ராமநாதபுரம் மாவட்டம். அதற்குக் கிழக்கே கம்பும் பருத்தியும் மிளகாயும் விளைகிற கரிசல் காட்டில் எங்கள் ஊர். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது தெருநாய் ஒன்று கெண்டைக்காலைக் கவ்விவிட்டது. தப்பு என்மேல்தான். வைக்கோல் படப்புக்கு அடியில் குட்டி போட்டுப் படுத்திருந்த நாய் அது. நான் போய் ஒரு குட்டியைத் தூக்கினேன். அதை யாரிடமும் சொல்லவில்லை. வெறிநாய் கடித்துவிட்டது என்று ஊர் கூடியது. பொழுது சாய்வதற்குள் அந்த நாயை அடித்துப் போட்டுவிட்டார்கள். குட்டிகள் என்ன ஆயின என்று நான் கேட்கவில்லை. தாத்தா மட்டும் ஒரு அரிக்கேன் விளக்கை எடுத்துக்கொண்டு படப்புப் பக்கம் போய்ப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் வந்து படுத்தார்.

மறுநாள் அரசு ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர் கேட்ட முதல் கேள்வி, "நாய் உயிரோட இருக்கா?"

"அடிச்சாச்சுங்க" என்றார் அப்பா, ஏதோ சாதித்ததுபோல.

"அப்ப பதினாலும் போட்டுத்தான் ஆகணும்."

அந்தக் கணக்கு எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் விளங்கியது. கடித்த நாயைக் கட்டிப்போட்டுப் பத்து நாள் பார்க்க வேண்டும். பத்து நாள் தாண்டியும் தின்றுகொண்டு, குரைத்துக்கொண்டு இருந்தால், கடித்த அன்று அதன் எச்சிலில் விஷம் இல்லை என்று அர்த்தம். ஊசியைப் பாதியில் நிறுத்திவிடலாம். அடித்துக் கொன்றுவிட்டால் அந்தச் சாட்சியும் போய்விடும். ஊரின் கோபத்துக்கு என் வயிறு வட்டி கட்டியது. தொப்புளைச் சுற்றித் தினம் ஒன்று. கண்ணாடி சிரிஞ்சு தட்டில் கொதிக்கிற சத்தம், ஸ்பிரிட் வாசனை, உள்ளே போனதும் எலுமிச்சம்பழம் அளவுக்குப் புடைக்கிற தோல். வீட்டுத் திண்ணைச் சுவரில் கரித்துண்டால் கோடு போட்டு எண்ணினேன்.

அந்த மருந்தைக் 'குன்னூர் மருந்து' என்றுதான் கம்பவுண்டர் சொல்வார். அதற்கும் ஒரு கதை இருக்கிறது. 1885இல் பாரிஸில் லூயி பாஸ்டர், வெறிநாய் கடித்த ஒன்பது வயதுப் பையன் ஜோசப் மைஸ்டருக்கு முதல் ஊசியைப் போட்டார். அந்த மருத்துவம் இந்தியாவுக்கு வந்து சேரப் பதினைந்து வருஷம் ஆனது. 1900இல் இமயமலை அடிவாரத்துக் கசௌலியில் ஒரு நிலையம் தொடங்கினார்கள். தெற்கே இருப்பவனை நாய் கடித்தால் கசௌலி வரை ரயில் ஏற வேண்டும். 1902இல் லில்லி பாக்கன்ஹாம் வால்ஷ் என்ற ஆங்கிலேய இளம்பெண் இங்கே வெறிநாய் கடித்து இறந்தபோதுதான் அந்தத் தூரம் வெள்ளைக்காரர்களுக்கு உறைத்தது. ஹென்றி ஃபிப்ஸ் என்ற அமெரிக்கச் செல்வர் வைஸ்ராய் கர்சனிடம் கொடுத்திருந்த நன்கொடையிலிருந்து பணம் எடுத்து, 1907இல் குன்னூரில் பாஸ்டர் நிலையம் எழுந்தது. எனக்குப் போட்டது 1911இல் டேவிட் செம்பிள் கசௌலியில் கண்டுபிடித்த முறையின் வழிவந்த மருந்து. ஆட்டுக்கு வெறிநோயை ஏற்றி, அதன் மூளையை எடுத்து, கிருமியைச் செயலிழக்கச் செய்து தயாரித்தது. அளவு அதிகம் என்பதால் கையில் போட இடம் போதாது, வயிற்றில்தான் போட வேண்டும். சிலருக்கு அந்த மருந்தாலேயே கைகால் விழுந்துபோனதும் உண்டு. 2004 கடைசியில்தான் நம் நாட்டில் அதைத் தயாரிப்பதை நிறுத்தினார்கள். இன்றைக்குக் கையில் நாலைந்து ஊசியோடு முடிந்துவிடுகிறது. ஆனாலும் எங்கள் பக்கத்தில் நாய் என்று சொன்னதும் தன்னையறியாமல் தொப்புளில் கை வைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

பதினாலாவது கோடு போட்ட ராத்திரி தாத்தா சொன்னார்: "இவனுக்கு ஒரு நாய் எடுக்கணும்."

அம்மா அழுதாள். பயம் தெளியத் தேங்காய் உடைக்கலாம், மந்திரிக்கலாம். கடிபட்ட பிள்ளைக்கு நாயா என்றாள். தாத்தா அசையவில்லை. "பயந்த பிள்ளை நாயைக் கண்டா ஓடும். ஓடுறவனைத்தான் நாய் கடிக்கும்" என்றார். பிற்காலத்தில் கால்நடைத் துறையில் ஆய்வாளராக முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்தேன். அந்த ஒரு வரியை நான் திருத்த வேண்டி வந்ததே இல்லை.

குட்டி தேடிப் போன நாளைத்தான் சொல்ல வேண்டும். வில்வண்டி கட்டி, சிப்பிப்பாறைப் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போனோம். வேட்டைநாய் வளர்க்கிற சம்சாரி வீடு. தாத்தா குட்டிகள் பக்கமே திரும்பவில்லை. திண்ணையில் உட்கார்ந்து மோர் வாங்கிக் குடித்துக்கொண்டே தாய்நாயைப் பார்த்தார். கறுப்பு நிறம், காலிலும் நெஞ்சிலும் புருவத்துக்கு மேலும் வெளிர்மஞ்சள் பொட்டு. ஒட்டிய வயிறு, முதுகு வில்லாக வளைந்திருந்தது. அதுதான் கன்னி. அந்த வீட்டில் நடை பழகுகிற பிள்ளை ஒன்று இருந்தது. அது தாய்நாயின் வாலைப் பிடித்து எழுந்து நின்றது. நாய் எழுந்து, இரண்டடி தள்ளிப் போய்ப் படுத்தது. பிள்ளை மறுபடி போனது. நாய் மறுபடி தள்ளிப் படுத்தது. உறுமவில்லை. மூன்றாம் தடவை அந்த வீட்டு அம்மா வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனார்.

"தாயி, இதோட குட்டியே போதும்" என்றார் தாத்தா.

வண்டியில் திரும்பும்போது கேட்டேன், குட்டியைப் பார்க்காமல் எப்படிச் சொன்னீர்கள் என்று. "தாயைத் தண்ணித்துறையில பாத்தா மகளை வீட்டுல பாக்க வேண்டாம்" என்றார். பெண்பார்க்கிற சொலவடையை நாய்க்குச் சொன்ன முதல் ஆள் அவராகத்தான் இருக்கும்.

குட்டியைச் சோதிக்காமலும் விடவில்லை. நகத்தை எண்ணினார்; முன்னங்காலில் ஐந்தைந்து, பின்னங்காலில் நாலுநாலு, ஆக வழக்கமாக நாய்க்குப் பதினெட்டு. பின்னங்காலில் கூடுதலாக ஒரு தொங்குநகம் இருந்து இருபது ஆனால் அது விசேஷம் என்பது அவர் நம்பிக்கை. அதில் ஒன்றும் இல்லை என்று படித்த பிறகு நான் தெரிந்துகொண்டேன். காதைப் பிடித்துத் தூக்கி, கத்தாத குட்டிதான் தைரியசாலி என்கிற சோதனையும் உண்டு. அதை அவர் செய்யவில்லை. கத்தாத குட்டிக்குக் காவல் காக்கத் தெரியலாம், கூட விளையாடுகிற பிள்ளைக்கு அது ஆகாது என்பார். மல்லாத்தி மடியில் போட்டு நெஞ்சில் உள்ளங்கையை வைத்து, மனதுக்குள் இருபது எண்ணுவார். திமிறி, திமிறி, பிறகு அடங்குகிற குட்டி வேண்டும். கடைசிவரை திமிறுவதும் வேண்டாம், போட்டவுடன் செத்தமாதிரி கிடப்பதும் வேண்டாம்.

விலை பேசவில்லை. கன்னிக் குட்டியைக் காசுக்குக் கொடுப்பது எங்கள் பக்கத்தில் அப்போது வழக்கமில்லை. இரண்டு மரக்கால் கம்பு, வெற்றிலை பாக்கு, முதல் ஈத்தில் ஒரு பொட்டைக்குட்டி திருப்பிக் கொடுப்பதாக வாக்கு. பெண்ணைக் கட்டிக்கொடுக்கும்போது கூடவே கொடுத்தனுப்பும் நாய் என்பதால்தான் 'கன்னி' என்ற பெயர் என்று சொல்வார்கள். பெயருக்கு அதுதான் காரணமா என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் வீடு விட்டு வீடு, தெரிந்தவர் கைக்குத்தான் அது போனது. கொடுத்தவர் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்ப்பார். கருப்பி என்று பெயர் வைத்த எங்கள் நாயையும் அந்தச் சம்சாரி வருஷத்துக்கு ஒருமுறை வந்து பார்த்துவிட்டு, விலா எலும்பைத் தடவி, "கூழு கொறையுது மாமா" என்று தாத்தாவிடம் குற்றம் சொல்லிவிட்டுப் போவார்.

இதில் ஒரு வேடிக்கை. எங்கள் சீமை நாய் எதுவும் பிள்ளைகளுக்காக உண்டானதில்லை. கன்னியும் சிப்பிப்பாறையும் முயல் விரட்ட. கண்ணால் பார்த்து ஓடுகிற நாய்கள், மோப்பம் இரண்டாம்பட்சம். தேனி மாவட்டத்துக் கோம்பை, மலையடிவாரத்தில் பன்றிக்கும் காவலுக்கும். செம்பழுப்பு உடம்பு, கரிய மூஞ்சி. ராஜபாளையம் வெள்ளை நாய் ராஜூக்கள் வீடுகளில் தோட்டக் காவலுக்கும் பன்றி வேட்டைக்கும். பாளையக்காரர்கள் இந்த நாய்களை வெள்ளைக்காரர் பட்டாளத்தின் மேல் ஏவினார்கள் என்று ஊருக்கு ஊர் கதை உண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சாட்சி கேட்டால், சொல்பவர் மீசையைத் தடவிக்கொள்கிறார்.

எனக்குச் சாட்சியோடு பிடித்த கதை இன்னும் பழையது. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. மகேந்திரவர்ம பல்லவன் காலம், 7ஆம் நூற்றாண்டு. மாடு பிடிக்கும் சண்டையில் செத்த கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு நட்ட கல். அவன் பின்னால் ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. அதன் பெயர் கோவிவன் என்றும், அது இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்றது என்றும் கல்லில் எழுதியிருக்கிறார்கள். ஞமலி, ஞாளி என்று சங்கப் புலவர்கள் பொதுப்பெயரில் பாடிவிட்டுப் போனார்கள்; இங்கே பெயர் சொல்லி ஒரு நாய். கூப்பிட்டால் திரும்புகிற நாய்க்குத்தான் பெயர் இருக்கும். அந்த வீட்டில் பிள்ளைகளும் இருந்திருக்கும், அந்தப் பெயரைச் சொல்லித் தெருவில் கத்தியிருக்கும் என்று நினைத்துக்கொள்வது என் ஆசை, அவ்வளவுதான்.

கருப்பி வேட்டைக்குப் போனது கொஞ்ச காலம்தான். அடுத்த வருஷமே, 1972இல், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. உரிமம் இல்லாமல் முயல் பிடிப்பது குற்றமாயிற்று. திருட்டுத்தனமாக நடந்தது நடந்ததுதான். என்றாலும் நாயைக் கையில் பிடித்துக்கொண்டு பட்டப்பகலில் காட்டுக்குப் போகிற பெருமை போய்விட்டது. முயலுக்கு நல்லது. நாய்க்கு வேலை போயிற்று. வேலை போன நாய்க்கு வீடு தவிர வேறு இடமில்லை. எங்கள் பக்கத்து வேட்டைநாய் 'வீட்டு நாய்' ஆனது இந்த வழியில்தான். அன்பினால் இல்லை, சட்டத்தினால்.

பிள்ளைகளோடு அது எப்படி இருந்தது? தங்கச்சி தொட்டிலில் கிடந்தபோது கருப்பி தொட்டிலுக்கு அடியில் படுக்கும். தபால்காரர் வாசலைத் தாண்ட முடியாது. ஒருநாள் தவழ்கிற தங்கச்சி அதன் கூழ்ச்சட்டிக்குள் கை விட்டாள். கருப்பி உதட்டைத் தூக்கிப் பல்லைக் காட்டியது. நான் குச்சியை எடுத்தேன். தாத்தா அந்தக் குச்சியைப் பிடுங்கி என் முதுகில் ஒன்று போட்டார். "ஏலே, அது சொல்லுது, கடிக்கலை. சொல்லுற நாயை அடிச்சா அடுத்தவாட்டி சொல்லாமக் கடிக்கும்." அப்புறம் எங்களுக்குச் சட்டம் போட்டார்: தின்கிற நாய், தூங்குகிற நாய், குட்டி போட்ட நாய், இந்த மூன்றின் பக்கமும் போகக் கூடாது. மூன்றாவதைச் சொல்லும்போது என்னைப் பார்த்தார். படப்புக்கு அடியில் என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

ஆய்வாளராக நான் பார்த்த கடிகளில் முக்கால்வாசி இந்த மூன்றில் ஒன்று. அதுவும் பிள்ளைகளை அதிகம் கடிப்பது ஊர்பேர் தெரியாத நாய் இல்லை. சொந்த வீட்டு நாய், இல்லையென்றால் பக்கத்து வீட்டு நாய். தாத்தா காலத்தில் பிள்ளைக்கு ஏற்ற நாயைத் தேடிய நேரத்தைவிட, நாய்க்கு ஏற்ற பிள்ளையாக எங்களைத் திருத்த எடுத்துக்கொண்ட நேரம் அதிகம்.

இனம் பார்த்து நாய் எடுப்பது வேறு சீமைச் சரக்கு. இங்கிலாந்தில் நியூகாசிலில் 1859இல் முதல் நாய்க் கண்காட்சி நடந்தது. 1873இல் லண்டனில் கென்னல் கிளப் ஏற்பட்டது. அதிலிருந்து நாய்க்கு ஜாதகம் எழுதினார்கள். தகப்பன், பாட்டன், முப்பாட்டன், எல்லாம் காகிதத்தில். நாய் பிள்ளைகளின் தாதி என்ற நினைப்பும் அங்கேதான் தழைத்தது. 1904இல் மேடையேறிய 'பீட்டர் பான்' நாடகத்தில் குழந்தைகளைக் குளிப்பாட்டித் தூங்க வைப்பது நானா என்ற நாய்தான். துரைமார்கள் அந்தப் பழக்கத்தை ஊட்டிக்கும் கொண்டு வந்தார்கள். மே மாதம் ஊட்டியில் நாய்க் கண்காட்சி என்றால், மலைக்குப் போகிற சென்னைக் குடும்பங்கள் வேடிக்கை பார்க்காமல் திரும்பாது. அங்கே வாங்கிய ஆசையில்தான் நம் ஊரில் அல்சேஷன் நாய் அந்தஸ்தானது. முதல் உலகப்போரில் ஜெர்மனி என்ற பெயரே ஆகாது என்று பிரிட்டிஷார் ஜெர்மன் ஷெப்பர்டுக்கு வைத்த பெயர் அது. 1977இல் அவர்களே பழைய பெயருக்குத் திரும்பிவிட்டார்கள். நாம்தான் இன்னும் 'அல்சேஷன் ஜாக்கிரதை' போர்டைக் கழற்றவில்லை.

காகிதம் கெட்டது என்று சொல்ல வரவில்லை. எங்கள் நாய்க்குக் காகிதம் இல்லாததால் பட்ட கஷ்டத்தையும் பார்த்திருக்கிறேன். ராஜபாளையம் பக்கம் வேலை பார்த்தபோது ஒரு வீட்டில் இருந்து ஆள் வந்தது. நல்ல பால்வெள்ளைக் குட்டி, ரோஜா நிற மூக்கு. ஆசையாக வாங்கியிருந்தார்கள். ஐந்து வயதுப் பெண்குழந்தை பின்னாலிருந்து கட்டிப்பிடித்தபோது திரும்பிக் கன்னத்தைக் கடித்துவிட்டது. ஆழமில்லை. ஆனாலும் நாயைச் சுட்டுவிட வேண்டும் என்று பெரியவர் நின்றார். நான் அடுப்படியில் இருந்து ஒரு எவர்சில்வர் தட்டும் கரண்டியும் கேட்டு வாங்கினேன். நாய் என்னைப் பார்க்காதபடி அதன் முதுகுப் பக்கம் போய் ஓங்கித் தட்டினேன். வீட்டில் எல்லோரும் துள்ளினார்கள். நாய் அசையவில்லை. அதற்குக் காது கேட்காது. குழந்தை ஓடிவந்த சத்தம் அதற்குத் தெரியவில்லை; திடீரென்று கழுத்தில் ஏதோ விழுந்தது என்றுதான் தெரிந்திருக்கும்.

அந்த வெள்ளையும் அந்தச் செவிடும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. தோலுக்கு நிறம் தருகிற உயிரணுக்கள் உள்காதிலும் இருந்தாக வேண்டும். நிறமே இல்லாத வெள்ளையில் சில குட்டிகளுக்கு அவை காதுவரை போய்ச் சேர்வதில்லை. பிறந்து சில வாரங்களில் கேட்கும் நரம்பின் முனைகள் பட்டுப்போகின்றன. டால்மேஷன் நாய்க்கும் இதே பாடுதான். நிறம் கலந்த குட்டியை ஒதுக்கி, வெள்ளையோடு வெள்ளையைச் சேர்த்துக்கொண்டே போனதில் ராஜபாளையத்துக்கு அழகும் வந்தது, இந்தக் குறையும் கூடவே வந்தது. எல்லாக் குட்டிக்கும் இல்லை. எந்த ஈத்தில் எத்தனை செவிடு என்று யாராவது எழுதி வைத்திருந்தால் தவிர்த்திருக்கலாம். காகிதம் வேண்டும் என்று நான் சொல்வது அதனால்தான். அந்த நாயைச் சுடவில்லை. தரையைக் காலால் தட்டி, அதிர்வு காட்டிவிட்டுப் பக்கத்தில் போகச் சொல்லிக் கொடுத்தேன். தோட்டத்தில் கட்டிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு யார் வெள்ளைக்குட்டி வாங்கப் போனாலும் தட்டையும் கரண்டியையும் எடுத்துப் போகச் சொல்வேன். சிரிப்பார்கள்.

அரசாங்கமும் சும்மா இல்லை. 1980-81இல் சைதாப்பேட்டையில் கால்நடைத் துறை ஒரு நாய் இனப்பெருக்கப் பிரிவு தொடங்கி, ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பைக் குட்டிகளைப் பொதுமக்களுக்கு விற்றது. பின்னாளில் வழக்கு ஏறி, உயர் நீதிமன்ற உத்தரவில் அது மூடப்பட்டது. 2005 ஜனவரியில் தபால்துறை நாலு இந்திய நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டது. அதில் ராஜபாளையமும் ஒன்று. நான் ஒரு தாள் வாங்கி வைத்திருக்கிறேன். தபால்காரரைப் பார்த்தாலே பாய்கிற ஜாதிக்குத் தபால்தலை.

ஆனால் சனங்கள் மனம் அப்போது வேறெங்கோ இருந்தது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் சிவகாசி, கோவில்பட்டி வீடுகளில் குழந்தைக்கு நாய் என்றால் 'பொமரேனியன்'தான். வெள்ளைச் சடை, கூர்மூஞ்சி, பஞ்சுப்பொதி மாதிரி. விக்டோரியா ராணி 1888இல் ஃப்ளாரன்ஸிலிருந்து குட்டையான ஒன்றைக் கொண்டுவந்த பிறகு பொடிசாக்கப்பட்ட ஜாதி பொமரேனியன். நம் வீடுகளில் இருந்ததோ பெரும்பாலும் அதன் தூரத்து உறவு, இந்தியன் ஸ்பிட்ஸ். நம் வெயிலை ஓரளவு தாங்கும், தயிர்ச்சோறு தின்னும், மாடிப்படியில் கிடக்கும். நல்ல நாய்தான். ஆனால் பொம்மை மாதிரி இருப்பதாலேயே பொம்மையாக நடத்தப்பட்ட நாய். சின்னப் பிள்ளைகள் தூக்கிப் போட்டுப் பிடிக்கும். அது வள்ளென்று விழும். சின்ன நாய் கடித்தால் வீட்டில் சிரிப்பார்கள். பெரிய நாய் உறுமினாலே கொல்லச் சொல்வார்கள். எனக்கு இந்த நியாயம் புரிந்ததே இல்லை.

பிறகு 2003இல் தொலைக்காட்சியில் ஒரு பையனும் அவன் பின்னாலேயே போகிற பக் நாயும் வந்தார்கள். ஹட்ச் செல்போன் விளம்பரம். நாயின் பெயர் சீக்கா. விளம்பரம் விற்றது செல்போன் சேவையை; சனங்கள் போய் வாங்கியது நாயை. அந்த வருஷத்துக்கு முன் எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரியில் பக் என்றால் படத்தில்தான். அதற்கப்புறம் சித்திரை வெயிலில், நாக்கு நீலம்பாரித்து, குறட்டை விட்டபடி மடியில் தூக்கி வருவார்கள். நாய்க்கு நம்மைப்போல் வியர்க்காது. இளைத்து இளைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். மூக்கையே நசுக்கி வைத்தால் எங்கே இளைக்கும்? ஈரத்துணி போட்டு, மின்விசிறிக்கடியில் கிடத்துவேன். கூட வந்த பிள்ளை கேட்கும், "அங்கிள், விளம்பரத்துல ஓடுச்சே?"

அதன்பின் லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், அடுக்குமாடியில் சைபீரியன் ஹஸ்கி. லாப்ரடார் பிள்ளைகளுக்கு உகந்தது என்கிறார்கள், பொய்யில்லை. அதுவும் தின்பதற்கென்றே பிறந்தது போல் உருண்டுபோய், இடுப்பெலும்பு நொண்டி வந்து நிற்கும். 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் கூடியவர்கள் காளையோடு சேர்த்து நாட்டு நாயையும் நினைத்தார்கள். 2020 ஆகஸ்டில் பிரதமர் தம் வானொலி உரையில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று பெயர் சொன்னார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அந்த மாதமே மதுரையிலிருந்து ஒருவர் போனில் கேட்டார்: "சார், ரெண்டு பெட்ரூம் ஃபிளாட். ஆறு வயசுப் பையன். கன்னி ஒண்ணு வாங்கலாம்னு இருக்கோம். யூடியூப்ல பார்த்துப் பணம் அனுப்பிட்டேன்." முயலைத் துரத்தக் கால் நீண்ட நாய்க்கு ஓட ஒரு தெருகூட இல்லாத வீடு. தாயைப் பார்த்தீர்களா என்றேன். வீடியோவில் குட்டியைக் காட்டினார்கள் என்றார். பக் போய்க் கன்னி வந்திருக்கிறது. படத்தைப் பார்த்து வாங்குவது மட்டும் போகவில்லை.

2024 மே மாதம் சென்னையில் ஒரு மாநகராட்சிப் பூங்காவில் ஐந்து வயதுச் சிறுமியை இரண்டு ராட்வைலர் நாய்கள் கடித்துக் குதறின. அதற்கு இரண்டு மாதம் முன்பு மத்திய அரசு, ராட்வைலர் உட்பட இருபதுக்கும் மேற்பட்ட இனங்களுக்குத் தடை கேட்டுச் சுற்றறிக்கை விட்டிருந்தது. ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. இனத்தைத் தடைசெய்தால் தீருமா என்று என்னைக் கேட்டார்கள். அந்த நாய்களை அவிழ்த்துவிட்ட கை எந்தப் பட்டியலிலும் இல்லையே என்று சொன்னேன்.

இப்போது என் பேத்திக்கு ஏழு வயது. விருதுநகரில் மகன் வீட்டில் இருக்கிறேன். மருமகள் வாரம் ஒரு கோல்டன் ரெட்ரீவர் படம் அனுப்புகிறாள், ஒரே வீட்டுக்குள் இருந்துகொண்டே, வாட்ஸப்பில். "மாமா, இது குழந்தைங்களோட ரொம்ப சாதுவாம்." இருக்கலாம்மா, நம்ம வீட்டில் ஏசி ஒரு ரூமில்தானே இருக்கிறது என்பேன்.

தெருமுனை டிரான்ஸ்ஃபார்மருக்குப் பின்னால் ஒரு செவலை நாட்டுநாய் குட்டி போட்டிருக்கிறது. காதில் வெட்டு இல்லை. கருத்தடைக்குப் பிடிக்கிறவர்கள் கையில் இன்னும் சிக்காதது. நாலு குட்டி. பேத்தியைக் கூட்டிக்கொண்டு போய், பத்தடி தள்ளி ஒரு கல்லில் உட்கார வைத்தேன். கிட்டப் போகலாமா என்றாள். கூடாது என்றேன். ஏன் என்றாள். என் கெண்டைக்காலில் இருக்கிற நாலு புள்ளித் தழும்பைக் காட்டி, அந்தப் படப்புக் கதையை முதல்முறையாக ஒருத்தருக்கு முழுசாகச் சொன்னேன்.

"அந்தக் குட்டிங்க என்ன ஆச்சு தாத்தா?"

தெரியலை கண்ணு என்றேன்.

தினம் சாயங்காலம் போகிறோம். முதல் மூன்று நாள் தாய் எங்களைப் பார்த்துக் காதை மடக்கி உறுமியது. நாலாம் நாள் உறுமவில்லை, தலையை மட்டும் தூக்கியது. டீக்கடைக்காரர் மகன் ஒருவன், ஐந்து வயது, தினம் பன்னைப் பிய்த்துப் போடுவான். அவன் வந்தால் வாலாட்டுகிறது, அவன் குட்டிகளைத் தாண்டிக் குதித்தபோதும் எழுந்து தள்ளிப் படுத்ததே தவிர பல்லைக் காட்டவில்லை. அதைப் பார்த்து நான் கொஞ்சநேரம் பேசாமல் இருந்தேன். நேற்று அடுப்படியிலிருந்து தட்டும் கரண்டியும் கொண்டுபோனோம். தட்டியது பேத்தி. நாலு குட்டியும் திரும்பின. டீக்கடையில் இருந்தவர்களும் திரும்பினார்கள்.

குட்டிகளுக்கு ஐந்து வாரம்தான் ஆகிறது. எட்டு வாரமாவது தாயோடு இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். பேத்தி சமையலறைக் காலண்டரில் தினம் ஒரு கோடு போடுகிறாள். மருமகள் இன்று காலையும் ஒரு படம் அனுப்பினாள். அதில் நாய்க்குப் பக்கத்தில் ஒரு குழந்தை, இரண்டும் சிரிக்கிற மாதிரி.